வரைந்தவர் ஒருவர், வெட்டியவர் பலர்

(கோல்ஃப் மைதானங்களின் தொடக்ககால வடிவமைப்பாளர்கள், கட்டியவர்கள் குறித்துக் கொள்ளேகாலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோல்ஃப் மைதானம் இல்லாத ஊரில் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில், இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் சிவசமுத்திரத்தில் நிற்கிறது.

காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சூழ்ந்துகொண்டு ஓடுகிறது. ஒரு கிளை ககனசுக்கியாகவும் மறுகிளை பரசுக்கியாகவும் விழுகின்றன. அந்தத் தீவை இரு கரைகளோடும் இணைக்கக் கல்பாலங்கள் வேண்டும் என்று நினைத்தவர் திருச்சிராப்பள்ளி இராமசாமி முதலியார். சிதைந்து கிடந்த இடத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த வேலையை முடித்தார். ஆற்றின் பாறைப் படுகையிலேயே கல்தூண்களை ஊன்றி, அவற்றின் மேல் கல் உத்தரங்களைப் போட்டுக் கட்டிய பாலங்கள் அவை. சிவசமுத்திரத்தின் ஜாகீர்தார் என்ற நிலையும், மக்களுக்கு நன்மை செய்தவர் என்ற பொருளுள்ள பட்டமும் அவருக்குக் கிடைத்தன. அன்று கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 வரை அப்படித்தான். ஆகவே ஆற்றின் ஒரு பக்கம் சென்னை மாகாணம், மறுபக்கம் மைசூர் அரசு.

சரி, பாலங்களுக்கு என்ன பெயர்? ஒன்றுக்கு அப்போதைய சென்னை கவர்னர் லஷிங்டனின் பெயர். மற்றொன்றை ஊரார் வெஸ்லி பாலம் என்கிறார்கள். இரண்டிலும் முதலியார் பெயர் இல்லை. முதலியாரையாவது வரலாறு அறிந்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த மாதங்களில் படுகையில் இறங்கி, எந்தப் பாறை தாங்கும், எது நழுவும் என்று தட்டிப் பார்த்துச் சொன்ன கல்தச்சரின் பெயர் எங்கே இருக்கிறது? பாலம் செல்லும் வழியை உண்மையில் தீர்மானித்தவர் அவர்தான். 2018 வெள்ளத்தில் வெஸ்லி பாலத்தின் ஒரு பகுதி இடிந்தபோது பாலத்தின் பெயர் செய்தியில் வந்தது. அந்தக் கல்தச்சரைப் பற்றி எதுவும் வரவில்லை.

ஒன்றை எண்ணியவர், அதை வரைந்தவர், மண்ணிலும் கல்லிலும் கொண்டுவந்தவர், அதன்பின் காலமெல்லாம் பார்த்துக்கொண்டவர் ஆகிய இவர்களில் யாருடைய படைப்பு அது? கோல்ஃப் உலகில் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் புரட்டுகிறார்கள். அவர்கள் கண்டவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதால்தான் இந்த ஊரில் இதைப் பேச விரும்பினேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு, நூற்றைம்பது ஏக்கர் நிலம். அதில் பதினெட்டு ஆட்டத் தடங்கள். ஒவ்வொன்றிலும் பந்தை அடித்துத் தொடங்கும் மேடை டீ. புல் வெட்டிய நீண்ட வழி ஃபேர்வே. முடிவில் குழி இருக்கும் வழவழப்பான பரப்பு கிரீன். நடுவே பந்தை விழுங்கக் காத்திருக்கும் மணற்பள்ளங்கள் பங்கர். எந்தத் தடம் எந்தத் திசையில் போவது, எங்கே ஏறுவது, எங்கே மடங்குவது என்று முடிவு செய்வதுதான் வடிவமைப்பு.

தொடக்கத்தில் இந்த வேலைகள் பிரிந்திருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் காற்றும் ஆடுகளும் முயல்களும் செய்து வைத்திருந்த நிலத்தில்தான் மக்கள் விளையாடினார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானத்துக்குத் தனியொரு வடிவமைப்பாளர் கிடையாது. முதல் பெரிய பெயராக நமக்குக் கிடைப்பவர் பெரிய டாம் மாரிஸ். 1821-இல் பிறந்தவர். பந்து செய்யும் பட்டறையில் வேலை பழகி, 1851-இல் பிரெஸ்ட்விக் மைதானத்தின் காப்பாளராகச் சேர்ந்தார். அங்கே பன்னிரண்டு தடங்களை அவரே அமைத்தார். 1860-இல் முதல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி அங்கேதான் நடந்தது. பிறகு சொந்த ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் புல்லைப் பராமரித்தார். கிரீன்களின் மேல் மணலைத் தூவித் தூவிப் புல்லை அடர்த்தியாக்கும் முறை அவர் கையில் வளர்ந்தது. உலகெங்கும் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

வெளியூர்க் கழகங்கள் அவரை அழைத்தன. வருவார், ஓரிரு நாள் நிலத்தைச் சுற்றி நடப்பார், டீ இங்கே, கிரீன் அங்கே என்று முளை அடிப்பார், ரயிலேறிவிடுவார். அயர்லாந்தின் கவுண்டி டவுன் கழகம் 1889-இல் இந்த வேலைக்கு நான்கு பவுனுக்கு மேல் செலவாகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அவர் போன பிறகு முளைகளை வைத்துக்கொண்டு புதரை வெட்டி, கிரீனைத் தட்டி, மைதானமாக ஆக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள். இன்று அந்தக் கழகங்கள் பலவும் டாம் மாரிஸ் வடிவமைத்தது என்று பெருமையோடு எழுதிக்கொள்கின்றன. அதில் பொய் இல்லை. ஆனால் இரண்டு நாள் நடையும் இருபது ஆண்டு உழைப்பும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்போது உழைப்பு மறைந்துவிடுகிறது. டாம் மாரிஸே வாழ்நாள் முழுவதும் புல் காத்தவர். அவருக்கே இது உவப்பாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கடலோர நிலம் தீர்ந்து, லண்டனைச் சுற்றிய உள்நாட்டு நிலத்துக்கு ஆட்டம் நகர்ந்தபோது நிலைமை மாறியது. 1901-இல் வில்லி பார்க் இளையவர் சன்னிங்டேலில் ஒரு புதர்க்காட்டை மைதானமாக்கினார். புதரை வேரோடு பிடுங்க வேண்டியிருந்தது, மண்ணைக் கிளறி விதை தூவி முழுப் பரப்பிலும் புல் வளர்க்க வேண்டியிருந்தது. முளை அடித்துவிட்டுப் போகும் காலம் முடிந்தது. பணம் பெருகியது, ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள், விதைக் கம்பெனிகள் வந்தன. அதே சன்னிங்டேலின் முதல் செயலாளர் ஹாரி கோல்ட் வழக்கறிஞர். பந்தடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அவர் வரைபடப் பலகையில் மைதானத்தை வரைந்தார். அளவுகளோடு தாளில் வரைந்து கொடுக்கும் பழக்கம் வந்ததும், வரைபவரும் வெட்டுபவரும் இரண்டு ஆட்களானார்கள்.

உங்கள் ஊர்ப் பட்டுத்தறிகளை நினைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட தாளில் மயிலை வரைபவர் ஒருவர். இழையில் அந்த மயிலை எழுப்புபவர் இன்னொருவர். கழுத்து வளைவில் ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் மயில் மாறிவிடும் என்பது தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். மைதானத்திலும் இதேதான். தாளில் அரை அங்குலக் கோடாக இருக்கும் பங்கரின் உதடு எவ்வளவு உயர வேண்டும், கிரீனின் சரிவு மழைநீரை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பதை மண்வெட்டியோடு நிற்பவர் அந்த நேரத்தில் முடிவு செய்கிறார்.

அமெரிக்காவில் சார்லஸ் மெக்டொனால்ட் என்ற செல்வர், பிரிட்டனின் சிறந்த தடங்களின் மாதிரியில் ஒரு மைதானம் அமைக்க விரும்பினார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சவுதாம்ப்டன் பக்கம் நிலம் வாங்கி, அதை அளக்க உள்ளூர் சர்வேயர் சேத் ரேனரை அமர்த்தினார். ரேனருக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் மட்டம் பார்க்கத் தெரியும், வடிகால் தெரியும், சாலை போடத் தெரியும். மெக்டொனால்ட் சொன்னதை மண்ணில் நிற்க வைத்தவர் அவர்தான். நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற அந்த மைதானம் 1911-இல் முறையாகத் திறக்கப்பட்டது. அதன்பின் இருவரும் சேர்ந்து பல மைதானங்கள் செய்தார்கள், ரேனர் தனியாகவும் செய்தார். விளையாட்டை அறியாத ஒரு சர்வேயர் அதன் தலைசிறந்த வடிவமைப்பாளர்களில் ஒருவரானார். மெக்டொனால்டிடம் எனக்குப் பிடித்தது, 1928-இல் எழுதிய நூலில் ரேனரின் பங்கை அவர் மறைக்கவில்லை என்பது. பெரிய மனிதர்களிடம் இது அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

அதே காலத்தில் பிலடெல்பியா அருகே மெரியான் மைதானம் எழுந்தது. காப்பீட்டுத் தொழிலில் இருந்த ஹ்யூ வில்சன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அவர்கள் மெக்டொனால்டிடம் போய் யோசனை கேட்டார்கள். பிக்கரிங் என்ற கட்டுமான மேற்பார்வையாளர் மண்வேலையைப் பார்த்தார். வில்லியம் ஃப்ளின், ஜோ வாலண்டைன் ஆகிய இளைஞர்கள் புல்லைப் பார்த்துக்கொண்டார்கள். மைதானம் 1912-இல் திறந்தது. தடங்களின் வழியை முதலில் வரைந்தது வில்சனா, மெக்டொனால்டா என்று இன்றுவரை ஆய்வாளர்கள் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் பிக்கரிங் பெயர் இடையிடையே மட்டும் தலைகாட்டுகிறது. என் முடிவைச் சொல்கிறேன். ஒற்றைப் பெயரைத் தேடுவதே தவறான தேடல். மெரியான் ஒரு குழுவின் வேலை. அப்படியே எழுதிவிட்டுப் போகலாம்.

இதைவிடத் தெளிவான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆங்கில மருத்துவர் அலிஸ்டர் மெக்கன்சி, போயர் போரில் பதுங்குகுழிகள் நிலத்தோடு கரைந்து நிற்பதைக் கண்டு, அந்தப் பாடத்தை மைதானங்களுக்குக் கொண்டுவந்தவர். 1926-இல் ராயல் மெல்போர்ன் கழகம் அவரை அழைத்தது. சில வாரங்களில் வரைந்து கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவை விட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. மேற்கு மைதானம் 1931-இல் முடிந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அதைக் கட்டியவர்கள் அலெக்ஸ் ரசல் என்ற ஆட்டக்காரரும், மைதானக் காப்பாளர் மிக் மார்கமும். குதிரை இழுக்கும் மண்வாரியால் அள்ளி, கொட்டி, செதுக்கி அந்தப் பங்கர்களை உருவாக்கினார் மார்கம். உலகின் தலைசிறந்த மைதானங்களின் பட்டியலில் எப்போதும் இடம்பெறும் அந்த மேற்கு மைதானத்தை, அதை வரைந்தவர் முடிந்த நிலையில் பார்த்ததே கிடையாது. மெல்போர்ன்காரர்கள் இதை மறைப்பதில்லை. மெக்கன்சி, ரசல், மார்கம் என்று மூவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். இந்த வழக்கம் எல்லா நாட்டுக்கும் வர வேண்டும்.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்தியாவுக்கு வர முடியாது. டொனால்ட் ராஸ், ஸ்காட்லாந்தின் டோர்னக்கில் தச்சு வேலை பழகி அமெரிக்கா போனவர். ஏறத்தாழ 400 மைதானங்கள் அவர் பெயரில் உள்ளன. நேரில் அவர் கால் வைக்காதவையும் அவற்றில் உண்டு. அளவுப்படம் பார்த்து வரைந்தார், அவருடைய ஃபோர்மன்கள் கட்டினார்கள். ஆனால் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட்டில் அவர் வாழ்ந்தார். அங்கே இரண்டாம் எண் மைதானத்தை 1907 முதல் பல்லாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். அந்தப் புகழ்பெற்ற மைதானத்தில் 1930-களின் நடுப்பகுதி வரை புல் கிரீனே கிடையாது. மணலும் களிமண்ணும் கலந்து கெட்டித்த பரப்பில்தான் குழி இருந்தது. அதைப் புல்லாக மாற்றியதில் காப்பாளர் ஃபிராங்க் மேப்பிள்ஸின் பங்கு பெரியது. மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். தாங்கள் உருவாக்கிய மைதானத்தில் விளையாட அவர்களுக்கு அன்று அனுமதி இல்லை.

மணல் கிரீன் என்றதும் என் நினைவு கோலார் தங்கவயலுக்குப் போகிறது. சிவசமுத்திரத்துக்கும் கோலாருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்ததுதான். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் ஊக்கத்தில், ராயல் எஞ்சினியர்ஸைச் சேர்ந்த ஜோலி டி லோட்பினியேர் போட்ட திட்டத்தின்படி, 1902-இல் ககனசுக்கிப் பக்கத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் போனது. அன்றைய உலகில் அது மிக நீண்ட கம்பிவழிகளில் ஒன்று. சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே காலமாகிவிட்டார். மெக்கன்சியைப் போலவே, வேலை முடிந்ததை அவரும் பார்க்கவில்லை. அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்த இடத்தில், 1880 முதல் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் அதிகாரிகள் தங்களுக்கு ஒரு கோல்ஃப் மைதானம் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் அரிதான வறண்ட மேட்டு நிலம். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வரும் நீர் ஊரின் தேவைக்கே பத்தும் பத்தாததுமாக இருந்தது. எனவே புல் கிரீனுக்குப் பதில் பிரவுன் என்ற மணற்பரப்பு.

பிரவுன் செய்வது ஒரு கைத்தொழில். மணலைச் சலிக்க வேண்டும். கழிவு எண்ணெயை அளவாகக் கலக்க வேண்டும். கூடினால் பந்து ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் காற்று மணலை அள்ளிப் போகும். பரப்பி, மட்டம் தட்டி, உருளை போட வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்குழு கடந்த பிறகும் கால்தடத்தை இழுத்து மறைக்க வேண்டும். இதைச் செய்தவர்கள் மாலிகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அந்தச் சுரங்க நகரத்தின் உழைப்பையெல்லாம் சுமந்தன. எண்ணெய் எவ்வளவு, மணல் எவ்வளவு என்ற கணக்கு எந்தத் தாளிலும் ஏறாமல் கைவழியாக வந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டதோடு அந்தக் கைகளும் கலைந்தன.

இந்தியாவில் கோல்ஃப் பழையது. ராயல் கல்கத்தா கழகம் 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே மூத்தது. பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தய வளையத்துக்குள்ளேயே ஒரு மைதானம் எழுந்தது. மைசூரிலும் பந்தயத் திடலில்தான், ஜெயசாமராஜ உடையார் பெயரில். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஒன்று. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்த புல்வெளி அது. அதிகம் மண் வெட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. செயிண்ட் ஆண்ட்ரூஸில் ஆடுகள் செய்ததை நீலகிரியில் எருமைகள் செய்திருந்தன. அந்த மேய்ச்சல்காரர்களையும் அந்த மைதானத்தின் முதல் வடிவமைப்பாளர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

இந்த மைதானங்களில் பெரும்பாலானவற்றை முதலில் அமைத்தவர்கள் தொழில்முறை வடிவமைப்பாளர்கள் அல்லர். ராணுவ அதிகாரிகள், தோட்டத் துரைகள், சுரங்க எஞ்சினியர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து முளை அடித்தார்கள். திங்கட்கிழமை மேஸ்திரி ஆட்களோடு வந்து நின்றார். நம் நாட்டில் அந்த மேஸ்திரிக்கு மேலைநாட்டுக் காப்பாளரைவிடப் பெரிய பொறுப்பு இருந்தது என்று சொல்வேன். காரணம் பருவமழை. ஸ்காட்லாந்தின் தூறலுக்கு ஏற்ற வடிகால் இங்கே ஒரே ஐப்பசி இரவில் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் எந்த வழியாக வரும், எங்கே தேங்கும் என்று துரைக்குத் தெரியாது. ஏரிக்கரை போட்டுப் பழகிய மேஸ்திரிக்குத் தெரியும். புல்லும் அப்படியே. குளிர்நாட்டு விதைகள் சமவெளியின் வெயிலில் நிற்கவில்லை. நின்றது நம் அருகம்புல். வெப்ப நாடுகளின் கிரீன்களை இன்று ஆளும் உயர்ந்த புல்வகைகள் பலவும் அந்த அருகம்புல்லிலிருந்து உருவாக்கிய கலப்பினங்கள்தான்.

இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதை. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் தொடங்கி வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். சுற்றிலும் தேயிலை மலைகளில் கங்காணிகளின் கீழ் வந்திறங்கியிருந்த தமிழர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விடுதலைக்குப் பிறகு முறையான வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். ஐந்து முறை ஓப்பன் வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் டெல்லி மைதானத்தை 1970-களில் மாற்றியமைத்தார். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானமும் அவர் வடிவம். நல்ல மைதானம். ஆனால் அது இருக்கும் இடம் சல்லகட்டா ஏரியின் படுகை. ஏரியைக் கட்டியவர்கள் பெயரையும் நாம் இழந்தோம், பிறகு ஏரியையும் இழந்தோம். மைதானம் அமைப்பவர் வெறுமையான நிலத்தில் தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறார். இந்த நாட்டில் வெறுமையான நிலம் என்று ஒன்று இல்லை. ஒருவர் வெட்டிய குளத்தின் மேலோ, ஒருவர் மேய்த்த புல்லின் மேலோதான் அடுத்தவர் வரைகிறார். புதிய மைதானங்களுக்கு அனுமதி கொடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த முந்தைய கட்டுமானத்தைப் பற்றித்தான்.

மேலைநாடுகளில் இந்த வரலாற்றை மீட்டெடுத்தது எது என்று கவனித்தேன். நினைவுக் கட்டுரைகளால் அது நடக்கவில்லை. கழகங்களின் செலவுப் புத்தகங்கள், கூலிப் பட்டியல்கள், செயலாளருக்கு ஃபோர்மன் எழுதிய கடிதங்கள்தான் உதவின. குதிரைக்குத் தீவனம் வாங்கிய ரசீதிலிருந்துகூட எந்த மாதம் மண்வேலை நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும். நம் மலைநகரக் கழகங்களின் பழைய அலமாரிகளிலும் மஸ்டர் ரோல்கள் இருக்கக்கூடும். அவற்றில் கையெழுத்தும் கைநாட்டுமாகப் பெயர்கள் இருக்கக்கூடும். கழகங்களின் பொறுப்பாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அவற்றைக் கறையானுக்கு விடாதீர்கள். படியெடுத்து அரசு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். கோப்பை வென்றவர்களின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் மாலிகளுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு பலகை வையுங்கள்.

கொள்ளேகால் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிவசமுத்திரப் பாலங்களிலோ, மின்நிலைய வேலையிலோ, தங்கவயலிலோ உழைத்த முன்னோர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வீட்டில் மிஞ்சியிருக்கும் மூத்தவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, வாங்கிய கூலி, உடன் வேலை செய்தவர்கள் என எது நினைவிருந்தாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.